கரை தொடாத பாலம்

மாத்தூர்
3.2.2025

பச்சை,

இது நானே எழுதுவது. சௌமியா எழுதிக் கொடுத்தாள் என்று நினைக்காதே. நம் மருமகளுக்கு இவ்வளவு கோணலாக எழுத வருமா? நீ போன பிறகு சாயங்கால வகுப்புக்கு நான் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஜெஸ்லின் டீச்சர், "இன்னா தாத்தா, இந்த வேகத்துல கத்துக்கினு கீறீங்க, யாருக்கு லெட்டர் எழுதப் போறீங்க?" என்று கேட்டார். "என் வூட்டம்மாவுக்கு" என்றேன். பின் பெஞ்சில் இருந்த பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு வெட்கமே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. உன் தம்பிதான் எடுக்கிறான். "அக்கா பேசாதாம் மாமா. நீ காதுகிட்ட கத்துறியாம். இன்னா சொல்லணுமோ எழுதி அனுப்பட்டும்னு சொல்லுது" என்றான். ஹார்பரில் கிரேன் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. நான் என்ன செய்வேன்? காகிதத்தில் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நீ பார்த்தபோது வாசலில் வெறும் பள்ளம். இப்போது கறுப்புத் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் விட்டுக் குளமாக்கியாயிற்று. இரண்டு அல்லித் தொட்டி இறக்கியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். அதன்மேல் ஒரு சின்னப் பாலம் போட வேண்டும். சௌமியா போனில் படம் காட்டினாள். பணக்காரர் வீட்டுத் தோட்டங்களில் இப்படிப் பாலம் போடுகிறார்கள். அந்தப் பக்கம் போய் ஒரு வேலையும் இல்லை, அழகுக்காகத்தான். ஒன்று வளைந்தது, ஒன்று சிவப்பு, ஒன்று மூங்கில். எனக்கு ராத்திரி பகல் அதே யோசனை. ஒரு பலகையை இங்கே போட்டுப் பார்க்கிறேன், அங்கே போட்டுப் பார்க்கிறேன்.

எது வாங்கலாம்? நீ சொல்.

செல்வம்


நெட்டுக்குப்பம்
8.2.2025

மாத்தூர் தோட்ட முதலாளிக்கு,

கடிதம் வந்தது. என் தம்பி பொண்டாட்டி முழுசாகப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். நீ ஒட்டவே இல்லை. அடுத்த முறை ஒட்டி அனுப்பு.

எழுத்து நன்றாக இருக்கிறது. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பாலம் எது வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறாய். குளம் வெட்டலாமா என்று கேட்டாயா? நான் தண்டையார்பேட்டையில் அக்கா மகள் வளைகாப்புக்குப் போய்விட்டு, டோல்கேட்டில் கூட்டத்தில் நசுங்கி பஸ் பிடித்து வந்து கேட்டைத் திறக்கிறேன். நான் கருவாடு காயவைக்கும் இடத்தில் இடுப்பளவு பள்ளம். என் பாய், என் வலை, என் உப்புத் தொட்டி எல்லாம் மாடிப்படிக்குக் கீழே குவிந்து கிடக்கிறது. நீ மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு, "எப்டி கீது?" என்று பல்லைக் காட்டுகிறாய்.

அந்த வீட்டில் நாள் முழுவதும் வெயில் விழுகிற இடம் அது ஒன்றுதான். ஹால் நம் பையன் தீபனுடையது. சமையல்கட்டு சௌமியாவுடையது. மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க்கும் பக்கத்து வீட்டு மாமர நிழலும். அந்த நாலு முழம் சிமென்ட் தரைதான் என்னுடையது. வாளையும் நெத்திலியும் காயவைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டு நான் பாட்டுக்கு இருந்தேன். அதைத் தோண்டிவிட்டு நீ சிரித்தாய். அதனால்தான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏன் வெட்டினாய் என்று நீ இன்னும் சொல்லவில்லை. முதலில் அதை எழுது. பாலம் அப்புறம்.

பச்சையம்மா


மாத்தூர்
13.2.2025

பச்சை,

இந்த முறை சோற்றுப் பருக்கை வைத்து நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

காரணம் கேட்டாய். எழுதுகிறேன். அதற்கு முன்னால் இன்னொன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

மாதவரம் ரோட்டில் ஷிஜி என்று ஒரு அம்மா செடிக் கடை வைத்திருக்கிறாள். கேரளாக்காரி. அங்கே பாலம் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மூன்று இருந்தது. சிமென்ட்டில் மரக்கட்டை மாதிரி செய்த ஒன்று. பூக்கொடி மாதிரி இரும்புக் கம்பி வளைத்த ஒன்று. சிவப்புப் பெயின்ட் அடித்து ஒட்டகம் மாதிரி முதுகு தூக்கிய மரப்பாலம் ஒன்று. எனக்கு அந்தச் சிவப்புதான் பிடித்தது. ஏறி நின்றேன். அப்புறம் குதித்தேன்.

ஏன் குதித்தாய் என்று கேட்பாய். உனக்கே தெரியும், நான் ஹார்பர் கலாசி, கனத்ததை ஏற்றி இறக்குகிறவன். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பலகை போட்டால் முதலில் நாங்கள் ஏறிக் குதித்துக் காட்டுவோம். நாங்கள் குதிக்காத பலகையில் மூட்டைக்காரன் கால் வைக்க மாட்டான். நாளைக்கு நீ நடக்கப் போகிற பாலத்தைக் குதித்துப் பார்க்காமல் வாங்க முடியுமா? இரண்டாவது குதியில் நடுப்பலகை மளுக்கென்று போய்விட்டது. என் ஒரு கால் உள்ளே.

ஷிஜி ஓடி வந்து, "அய்யோ அங்கிள், அது ஷோவுக்கு! அதுமேல யாராவது குதிப்பாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"காலு வெக்கக் கூடாதுன்னா அது பாலமா, படமாம்மா?" என்று கேட்டேன்.

பாவம், நல்ல பெண். அவள் கடை வாசலில் இறக்கிப்போட்ட கருங்கல் தொட்டி ஒன்று யாராலும் நகர்த்த முடியாமல் கிடந்தது. இரண்டு பைப்பை அடியில் உருளையாகக் கொடுத்து அதை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன். அதோடு சமாதானம் ஆனாள். டீ வாங்கிக் கொடுத்தாள்.

சரி, காரணம். பக்கத்து வீட்டு ஜெரினா அம்மா இருக்கிறார் இல்லையா. நீ கருவாடு விரித்துவிட்டு உள்ளே வந்ததும் அவர் வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். தினமும். நீ கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். ஒரு நாள் அவர் வாசலுக்கு வந்து உன்னை ஏதாவது சொல்லிவிட்டால்? நாற்றம், கலீஜ் என்று ஒரு வார்த்தை உன் காதில் விழுந்தால்? அதற்கு முன்னால் நாமே அங்கே அழகாக ஏதாவது செய்துவிட்டால் பேச்சே வராது என்று நினைத்தேன். நீயும் சந்தோஷப்படுவாய் என்றுதான் நினைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

கால் வீக்கம் குறைந்துவிட்டது.

செல்வம்


நெட்டுக்குப்பம்
18.2.2025

செல்வத்துக்கு,

நீ குதித்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். தம்பி பொண்டாட்டி பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, கோவம் பூடுச்சா?" என்று கேட்டாள். போகவில்லை. சிரிப்பு வேறு, கோபம் வேறு.

ஜெரினா உன்னிடம் வந்து சொன்னாளா? இல்லை. நீ போய்க் கேட்டாயா? அதுவும் இல்லை. ஜன்னல் சத்தம் ஒன்றை வைத்து நீயே வழக்குப் போட்டு, நீயே தீர்ப்புச் சொல்லி, என் இடத்தைத் தோண்டிவிட்டாய். என்னைக் கலீஜ் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்கள் என்று பயந்தவன் நீ ஒருவன்தான். நான் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு டிரெயினில் போன காலத்தில் எத்தனை பேர் மூக்கைப் பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னாலேயே நின்று வெற்றிலை போட்டவள் நான். என்னைக் காப்பாற்ற உனக்குக் குளம் வேண்டியிருந்ததா?

இங்கேயும் எனக்குக் கால் தரிக்கவில்லை. மணலில் விரிக்கிறேன். காற்று திரும்பினால் துறைமுகத்து நிலக்கரித்தூள் பறந்து வந்து மீன்மேல் உட்கார்ந்துவிடுகிறது. விரித்ததை எடுக்கிறேன், மறுபடி விரிக்கிறேன். நாய் வருகிறது, எறும்பு வருகிறது. தம்பி வீடு நல்ல வீடுதான். ஆனால் ஒரு சொம்பை எடுக்க வேண்டும் என்றாலும் எது எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பாலம் எது வேண்டும் என்று கேட்டாய். படித்ததில் இருந்து அதுவும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எது வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கல்யாணப் புடவையை உன் அம்மா எடுத்தார்கள். வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட் நீ முடிவு செய்தாய். கேட்டதும் பட்டென்று பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன். அதுவரை எதையும் வாங்காதே.

பச்சையம்மா


மாத்தூர்
22.2.2025

பச்சை,

வாங்காதே என்று எழுதியிருந்தாய். படித்தேன். எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தேன். ஆனால் முந்தாநாள் ராயபுரத்தில் இருந்து மொஹ்சின் போன் போட்டான். நம் கல்யாணத்துக்கு வாழைத்தார் கட்டினானே, அவன்தான். இப்போது காயலான் கடை வைத்திருக்கிறான். "மாமு, ஒரு கப்பல் உடைச்சதுல கேங்வே வந்து கீது. அலுமினியம். ரெண்டு பக்கமும் கைப்பிடி. நீ கேட்டியே பாலம், இதவிட இன்னா வோணும்? இன்னொரு பார்ட்டி நின்னுகினு கீது, சீக்கிரம் சொல்லு" என்றான்.

நான் என்ன செய்ய முடியும்? கப்பலில் ஏறி இறங்குகிற படிக்கட்டு. ஆயிரம் பேர் ஏறினாலும் அசையாது. பத்து தரம் குதித்தேன், ஒரு சத்தம் இல்லை! டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து, பழைய ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு இறக்கிவிட்டோம்.

நீ வந்து பார்க்க வேண்டும். குளத்துக்குக் கொஞ்சம் நீளம் அதிகம்தான். ஒரு முனை வாசற்படியில், இன்னொரு முனை கேட்டில். கேட்டு பாதிதான் திறக்கிறது. தீபன் வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது. அவன் ஆபீசுக்குக் கிளம்பும்போது கப்பலில் இருந்து இறங்குகிற மாதிரி டக் டக்கென்று இறங்குகிறான். சௌமியா பக்கவாட்டில் திரும்பிப் போகிறாள். கொஞ்சம் பழகிவிட்டால் சரியாகிவிடும்.

எப்படி இருக்கிறது என்று எழுது.

செல்வம்


நெட்டுக்குப்பம்
27.2.2025

நேற்று ஷிஜி கடைக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. திருவொற்றியூர் வந்து, மணலி வழியாகப் போகிற பஸ் பிடித்து, மாதவரத்தில் இறங்கி, வெயிலில் விசாரித்து விசாரித்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண், "அம்மா, மேல ஏறாதீங்க, ஒரு அங்கிள் வந்து குதிச்சு உடைச்சிட்டாரு" என்றாள். அந்த அங்கிள் பொண்டாட்டிதான் நான் என்றேன். எனக்கும் டீ கொடுத்தாள்.

ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். இது வேண்டாம், இந்த முதுகு வேண்டாம், இந்தக் கம்பி வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, எனக்கு எது வேண்டும் என்று மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டி இறங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம்.

கேட்டாய். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீ வாங்கிவிட்டாய். கேட்காமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. உன் கப்பலில் நீயே ஏறு, நீயே இறங்கு. இனி எனக்கு எழுத வேண்டாம்.


மாத்தூர்
7.3.2025

பச்சை,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு வாரம் பொறுத்தேன். பேனாவைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

கேங்வே போய்விட்டது. மொஹ்சின், "இன்னா மாமு வெளாட்றியா? கப்பலையே திருப்பிக் குடுக்குற?" என்று கத்தினான். நானும் பதிலுக்குக் கத்தினேன். டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டேன். வண்டி போன பிறகு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நீ பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வந்ததுதான் கண்ணுக்குள் நின்றது. நீ யோசித்து முடிப்பதற்கு முன்னாலேயே நான் வாங்கிக் குதித்துவிட்டிருந்தேன்.

அப்புறம் ஜெரினா அம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஜன்னல் ஏம்மா பகல்ல சாத்துறீங்க, கருவாட்டு நாத்தமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அய்யே, அந்த ஜன்னல்லதான் நேரா வெயிலு அடிக்குது. பேரன் தூங்க வேணாமா? நாத்தம்னா நான் ஏன் அக்காகிட்ட வாங்கிச் சமைக்கிறேன்? அக்கா எப்ப வரும் சொல்லுங்க, நெத்திலி தீந்து போச்சு" என்றார். உன்னிடம் அவர் வாங்குவதே எனக்குத் தெரியாது. நம் வீட்டுச் சுவருக்கு மேலேயே கைமாறியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் குளத்தை மூடிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தேன். ஒரு கூடை மண்ணும் அள்ளிவிட்டேன். அப்புறம் கை நின்றுவிட்டது. மூடுவதும் நானே முடிவு செய்வதுதானே? கூடையை அப்படியே வைத்துவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். குளம் இருக்கட்டுமா, மூடட்டுமா? பாலம் வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் எப்படி? பதில் வரும்வரை நான் எதையும் தொட மாட்டேன். எனக்கு இது கஷ்டம். தபால்காரர் சைக்கிள் மணி அடிக்கும்போதெல்லாம் கேட்டுக்குப் போய்விடுகிறேன். அவர் நேற்று, "பெரியவரே, வந்தா நானே கூப்பிடுறேன், உள்ள போய் உக்காருங்க" என்றார். உட்கார முடியவில்லை. ஆனாலும் காத்திருக்கிறேன்.

செல்வம்


நெட்டுக்குப்பம்
19.3.2025

செல்வத்துக்கு,

வேண்டுமென்றேதான் தாமதித்தேன். நீ காத்திருக்கிறாயா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் போன தம்பியை நம் தெரு வழியாகப் போகச் சொன்னேன். பள்ளம் அப்படியே இருக்கிறது, மண் கூடையும் அப்படியே இருக்கிறது, அதில் பூனை தூங்குகிறது என்று சொன்னான்.

ஒன்று எனக்குப் புரிந்தது. நேரில் பேசும்போது நீ என்னிடம் கேட்பாய், ஆனால் பதிலுக்கு நிற்க மாட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீ அடுத்த வேலைக்குப் போயிருப்பாய். கடிதம் எழுதினால் நிற்கிறாய். வேறு வழி இல்லை, நின்றுதான் ஆக வேண்டும். அதனால் இந்த எழுத்து எனக்குப் பிடித்திருக்கிறது.

குளம் இருக்கட்டும். பாலம் வேண்டும். கவனமாகப் படி.

முதுகு தூக்கக் கூடாது. தட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் சறுக்கும். கைப்பிடி வேண்டாம், அதன் நிழல் மீன்மேல் விழும். பலகைக்குப் பலகை விரல் இடைவெளி விடு, கீழே இருந்தும் காற்று வர வேண்டும். மேலே என் வலையை விரித்துக்கொள்வேன், நெத்திலி கீழே விழாது. கால்கள் நான்கும் குளத்துக்குள் தண்ணீரில் நிற்கட்டும். தார்ப்பாய் கிழியாமல் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தட்டைக் கல் வை. முக்கியமானது இது: பாலம் எந்தக் கரையையும் தொடக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரு ஜாண் விடு. தண்ணீரைத் தாண்டி எறும்பு வராது. ஒரு ஜாண் என்பது எனக்கு ஒரு எட்டு.

உன் குளத்துக்கு நடுவே என் இடத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

அழகுக்கு ஒன்றும் வேண்டாமா என்று கேட்பாய். வேண்டும். நான்கு மூலையிலும் தாமரை மொட்டு மாதிரி சின்ன மரக் குமிழ் வை. ஷிஜி கடையில் பார்த்தேன். அதற்கு ஒரு உபயோகமும் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன். பாலம் நின்றதும் எழுது.

பச்சையம்மா


மாத்தூர்
2.4.2025

பச்சை,

நின்றுவிட்டது!

காசிமேட்டில் போட் கட்டுகிற ஆசாரி ஒருவரைப் பிடித்தேன். உன் கடிதத்தை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். வரி வரியாக. அவர், "இன்னாய்யா இது, ரெண்டு கரையும் தொடாத பாலம்? எங்க தொழில்ல இதுக்குத் தெப்பம்னு பேரு" என்றார். "என் வூட்டம்மா பாலம்னு எழுதி கீது. நீ பாலம்னே செய்" என்றேன்.

தீபனும் சண்டைக்கு வந்தான். "நைனா, இது பாலமே இல்ல, மேடை." அவனுக்கும் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டு, கால்களுக்கு அடியில் வைக்கக் கல் தேடப் போய்விட்டான். நான்கு கல்லும் அவன் கொண்டுவந்ததுதான்.

குமிழ் ஷிஜி கொடுத்தாள். ஒரு குமிழ் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நிமிர்த்தவா, அப்படியே விடவா? பெயின்ட் அடிக்கவா, மர நிறமே இருக்கட்டுமா? நீ எழுதாததை நான் எதுவும் செய்யவில்லை.

நீ எப்போது வருகிறாய் என்று கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கேட்டுவிட்டேன். பதில் எப்போது வேண்டுமானாலும் எழுது.

செல்வம்


மாத்தூர், வாசல்
20.4.2025

பச்சை,

நீ சமையல்கட்டில் இருக்கிறாய். குழம்பு கொதிக்கிற வாசனை இங்கே வருகிறது. ஆனாலும் முக்கியமானதை எழுதித்தான் கேட்க வேண்டும் என்று நீ சட்டம் போட்டிருக்கிறாய். சௌமியா சிரித்துக்கொண்டே இந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வருவாள்.

நீ வந்து ஒரு வாரம் ஆகிறது. உன் துணிப்பை இன்னும் கட்டில் ஓரத்திலேயே இருக்கிறது. நெட்டுக்குப்பத்தில் இருந்து எப்படி வந்ததோ அப்படியே. நான் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். திரும்பப் போகப் போகிறாயா?

இன்னொன்று. வெயில் தாழ்ந்து நீ கருவாட்டை எடுத்த பிறகு பாலம் காலியாகத்தான் இருக்கிறது. நான் ஏறி ஒரு ஓரமாக உட்காரலாமா?

செல்வம்


மாத்தூர், சமையல்கட்டு
அதே நாள்

அது வெறும் பை. உள்ளே இருந்த துணியை வந்த அன்றைக்கே அலமாரியில் வைத்துவிட்டேன். நீ திறந்து பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறாய்.

உட்காருவதைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன். அதுவரை கரையிலேயே இரு.

பச்சையம்மா